நாள் தள்ளிப்போன கணக்கு

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது தமிழ் வாசக உலகம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மழைக்கு ஒதுங்கி நின்ற பெண் காரில் ஏறினாள், கெடுக்கப்பட்டாள், வீட்டுக்கு வந்தாள், அம்மா தலையில் தண்ணீரை ஊற்றினாள், நீ சுத்தமாகிவிட்டாய் என்றாள். அம்மா செய்தது சரியா தப்பா என்பதுதான் சண்டை. பிறகு ஜெயகாந்தனே அந்தக் கதையை வேறு திசையில் திருப்பி 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். அதற்கு 1972இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பேசியது ஒன்றைத்தான்: தீட்டு. தண்ணீர் ஊற்றினால் தீட்டு போகுமா, போகாதா?

அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் நாள் தள்ளிப் போயிருந்தால்? கதை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீரால் கழுவ முடிகிற பிரச்சினையைத்தான் அது எடுத்துக்கொண்டது. இதை ஜெயகாந்தன்மீது குற்றமாகச் சொல்லவில்லை. எந்தச் சாதியின் வீட்டுக்குள் கதை நடக்கிறதோ அந்தச் சாதியின் பயத்தை அவர் சரியாகவே எழுதினார். ஆனால் அந்தப் பயம்தான் தமிழ்ப் பெண்ணின் பயம் என்று நமது விமர்சகர்கள் ஐம்பது அறுபது வருசமாக எழுதிவருகிறார்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சேரியில் ஒருத்தி விடியற்காலையில் குந்தி உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுவது தீட்டை அல்ல, நாளை. அமாவாசைக்கு முன்னாடி குளிச்சோமா, பின்னாடியா? நடவு முடிஞ்ச வாரமா, அதுக்கு அடுத்த வாரமா? இந்த எண்ணலுக்கு நம் இலக்கியத்தில் இடமே கிடைக்கவில்லை.

சினிமாவைச் சொல்லவே வேண்டாம். வாந்தி எடுப்பாள், டாக்டரம்மா கை பிடித்துப் பார்ப்பார், வெளியே வந்து சொல்வார். அப்புறம் ஒன்று தாலி, இல்லாவிட்டால் கிணறு. நடுவில் அவள் உட்கார்ந்து யோசிக்கிற மாதிரி ஒரு காட்சி வந்தால் அதிசயம்.

யோசிப்பதை எழுத முடியும் என்பதற்குப் பிரெஞ்சிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்கிறேன். அன்னி எர்னோ 2000இல் எழுதியது. தலைப்பைத் தமிழில் 'நிகழ்வு' என்று சொல்லலாம். 2021இல் இது படமாகி வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. 2022இல் எர்னோவுக்கு நோபல் கிடைத்தது. நான் படித்தது ஆங்கில வழியாக. நோபல் வாங்கியவர் என்பதற்காக இதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. எர்னோவின் அப்பா அம்மா இவ்தோ என்ற சின்ன ஊரில் மளிகைக் கடையும் காப்பிக் கடையும் வைத்துப் பிழைத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர் இவர்தான். நம்முடைய பிள்ளைகளுக்கு இது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

1963. ரூவான் நகரத்தில் மாணவி, வயது இருபத்து மூன்று. நாள் தள்ளிப் போகிறது. பிரான்சில் அப்போது கருக்கலைப்பு குற்றம். செய்தவர், செய்துகொண்டவர், வழி சொன்னவர் எல்லாருக்கும் தண்டனை உண்டு. நாஜிகளுக்கு அடிபணிந்திருந்த விஷி ஆட்சியில், 1943 ஜூலையில், கருக்கலைப்புச் செய்தாள் என்று மாரி-லூயிஸ் ஜிரோ என்ற பெண்ணின் தலையையே வெட்டினார்கள். அது நடந்து இருபது வருசம்தான் ஆகியிருந்தது.

இந்தப் புத்தகத்தில் 'வைத்துக்கொள்வதா வேண்டாமா' என்ற மனப் போராட்டம் அநேகமாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேண்டாம் என்பது முதல் நாளே தெரிந்துவிடுகிறது. மீதிப் பக்கங்கள் முழுக்க யாரைக் கேட்பது, எங்கே போவது, எவ்வளவு பணம், எத்தனை வாரம் என்பதுதான். டாக்டர்கள் நழுவுகிறார்கள். ஒருவர் ஊசி போடுகிறார். தூரம் வரவழைக்கத்தான் என்று அவள் நம்புகிறாள். அது கருவைத் தங்க வைக்கிற ஊசி என்று பிறகுதான் தெரிகிறது. கருத்தடைச் சங்கத்தில் இருக்கிற முற்போக்கு மாணவன் ஒருவன் உதவி கேட்டு வந்தவளைத் தொடப் பார்க்கிறான். இவள்தான் ஏற்கெனவே 'ஆகிவிட்டவள்' ஆயிற்றே! (நம் இயக்கங்களில் இருக்கிற சில தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படிக்கலாம்.) கடைசியில் பாரிசில் ஒரு சந்து, ஆஸ்பத்திரியில் கடைநிலை வேலை பார்க்கிற ஒரு பெண், நானூறு ஃபிராங்கு. அந்தப் பணமும் கடன்.

அவளுக்கு அந்தக் கரு குழந்தையாகவும் தெரியவில்லை, பாவமாகவும் தெரியவில்லை. தப்பித்து வந்த இடத்துக்கே தன்னைத் திரும்ப இழுக்கிற கயிறாகத் தெரிகிறது. அப்பன் வர்க்கத்துப் பெண்களுக்கு வழக்கமாக நடப்பது தனக்கும் நடந்துவிட்டது என்ற எண்ணம். பட்டப்படிப்பு ஒரு கையில், வயிறு ஒரு கையில். முதல் தலைமுறையாக ஹாஸ்டலில் படிக்கிற பெண்பிள்ளை எவளும் இந்தப் பயத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வாள்.

ஆனால் புத்தகத்தின் உயிர் இருப்பது ஆஸ்பத்திரிக் காட்சியில். கரு கலைந்து ரத்தம் நிற்காமல் அவளைக் கொண்டுபோகிறார்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு இளம் டாக்டர் ஒருவன் வேலைக்காரியை அதட்டுவதுபோல எரிந்து விழுகிறான். மறுநாள் அவள் கல்லூரி மாணவி என்று தெரிந்ததும் அவனுக்குச் சங்கடமாகிவிடுகிறது. அவனைப் போன்றவள்தான் என்பதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று இரவு நர்சு அவளிடம் குறைப்படுகிறாள். அதாவது, அதட்டியது தப்பில்லை. ஆள் மாறிப்போனதுதான் தப்பு. ஆலைத் தொழிலாளி என்றோ கடையில் சாமான் விற்கிற பெண் என்றோ நினைத்துத் திட்டிவிட்டான், பாவம்.

எர்னோ இதைக் கண்ணீர் இல்லாமல் எழுதுகிறார். அங்கேயே அவரோடு எனக்கு ஒரு வழக்கும் இருக்கிறது. படிப்பு அவரைக் காப்பாற்றியது. அந்த வசவு யாருக்கு உரியது என்று டாக்டர் நினைத்தானோ அந்த ஆலைப் பெண் என்ன ஆனாள்? அவளிடம் காட்டுவதற்கு மாணவர் அட்டை இல்லை. அவளைப் பார்க்க 1972ஆம் ஆண்டு பொபினி வழக்குக்குத்தான் போக வேண்டும். பலாத்காரத்தால் கர்ப்பமான பதினாறு வயதுப் பெண். கெடுத்தவனே போலீசில் காட்டிக் கொடுத்தான். கூண்டில் நின்றவர்களில் ஒருத்தி அவளுடைய தாய், மெட்ரோ ரயிலில் வேலை பார்த்துத் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவள். வழக்கறிஞர் கிசேல் அலிமி நீதிபதிகளிடம் கேட்டதன் சாரம் இதுதான்: பணக்காரப் பெண்கள் வெளிநாடு போய்க் கலைத்துக்கொண்டு வருகிறார்கள், உங்கள் முன்னால் வந்து நிற்பது ஏன் எப்போதும் இவர்களே? பெண் விடுதலை செய்யப்பட்டாள். 1975 ஜனவரியில் சட்டம் மாறியது. 2024 மார்ச்சில் பிரான்சு அந்த உரிமையை அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது.

இங்கே சட்டம் 1971லேயே வந்துவிட்டதே, பிரான்சுக்கு முன்னாடி நாம் என்று சிலர் பெருமைப்படுவதுண்டு. அந்தச் சட்டத்தையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரன் 1860இல் போட்ட தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது, பெண் தானே கலைத்துக்கொண்டாலும் சேர்த்து. 1971இன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அதை நீக்கவில்லை. சில கதவுகளை மட்டும் திறந்தது. உயிருக்கு ஆபத்து, உடலுக்கோ மனத்துக்கோ கடுமையான கேடு, பலாத்காரம், கருவில் ஊனம். அப்புறம் கருத்தடை சாதனம் தவறிப் போனது. அதுவும் 'மணமான பெண்ணோ அவள் கணவனோ' பயன்படுத்தியதாக இருக்க வேண்டும். 'எனக்கு வேண்டாம்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அவள் சொல்வது காரணமாகாது. டாக்டர் நினைப்பதுதான் காரணம். 2021 திருத்தம் 'மணமான' என்பதை எடுத்தது. 2022 செப்டம்பர் 29இல் உச்சநீதிமன்றம் மணமாகாத பெண்ணுக்கும் இருபத்து நான்கு வாரம்வரை இடம் உண்டு என்றது; கணவன் பலாத்காரம் செய்தாலும் இந்தச் சட்டத்தின் கணக்கில் அது பலாத்காரமே என்றது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 312, 88ஆம் பிரிவாகப் பெயர் மாற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு எத்தனையோ வருசம் முன்னால், 1938 நவம்பர் 10இல், பம்பாய் சட்டமன்றத்தில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் பி.ஜே. ரோஹம் கருத்தடைக்கான தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தார். பேச்சைத் தயாரித்தவர் அம்பேத்கர். தீர்மானம் தோற்றது. அந்த உரை கருத்தடையைப் பற்றியது, கலைப்பதைப் பற்றியது அல்ல. ஆனால் அதிலுள்ள ஒரு கருத்தை 1971 சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் காரணத்தினாலாவது ஒரு பெண்ணுக்குப் பிள்ளை வேண்டாமென்றால் அதைத் தடுக்கிற நிலையில் அவள் இருக்க வேண்டும், பெறுவதும் பெறாததும் அவளுடைய விருப்பத்தையே பொறுத்தது என்கிறது அது. எந்தக் காரணத்தினாலாவது! காரணத்தைச் சரிபார்க்க ஒரு டாக்டரையோ கணவனையோ அம்பேத்கர் பக்கத்தில் நிறுத்தவில்லை. பெற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கு பேரைப் பறிகொடுத்த தகப்பன் அவர். பெரியாரும் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலின் கர்ப்பத்தடை பற்றிய பகுதியில், மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் நாட்டு வளத்துக்காகவும் கேட்பதை நாங்கள் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று தன் கோட்டைத் தனியாகப் பிரித்துக்கொண்டார். அரசாங்கம் பின்னாளில் எடுத்துக்கொண்டது அந்த மற்றவர்களின் கோட்டைத்தான்.

எடுத்துக்கொண்டதன் பலனை அனுபவித்தவர்கள் யார்? நெருக்கடி நிலையில், 1976-77 ஒரே ஆண்டில், எண்பது லட்சத்துக்கும் மேல் கு.க. ஆபரேசன், பெரும்பகுதி ஆண்களுக்கு. அந்தக் கோபம் ஓட்டில் வெடித்த பிறகு கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேசன் செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். தலித்துகள், ஆதிவாசிகள், மற்ற ஏழைச் சாதிப் பெண்கள்.

ஆகவே குடும்பக் கட்டுப்பாடு என்பதே நம் சனத்தொகையைக் குறைக்கிற சதி என்று நம் மேடைகளில் பேசுகிறவர்களின் கோபத்துக்கு வரலாறு இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் போய் முடிகிற இடத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. 'நாம் பெருக வேண்டும்' என்கிறார் தோழர். பெறுவது யார்? அரசாங்கம் அவள் வயிற்றைக் குறைக்கச் சொல்கிறது, இயக்கம் நிறைக்கச் சொல்கிறது, கோயில் பாவம் என்கிறது. மூன்று பேருமே அவளைக் கேட்கவில்லை.

வேண்டும் என்று சொல்கிற உரிமையும் இதே இடத்தில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தெலங்கானாவின் மிரியாலகுடாவில் 2018 செப்டம்பரில் பிரணய் என்ற தலித் இளைஞனை, கர்ப்பிணி மனைவியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன ஆஸ்பத்திரி வாசலிலேயே வெட்டிக் கொன்றார்கள். கருவைக் கலைத்துவிடு என்று தன் அப்பா வற்புறுத்தியதாக அம்ருதா வெளிப்படையாகச் சொன்னார். அவர் கலைக்கவில்லை, 2019 ஜனவரியில் பெற்றார். 2025 மார்ச்சில் நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்கும் மற்றவர்களுக்கு ஆயுள் தண்டனையும் கொடுத்தது. சாதிக்கு வயிற்றில் எப்போதும் ஒரு கண். கலை என்று சொல்வதும் அதுவே, கலைத்தவளைத் தூற்றுவதும் அதுவே.

நம் எழுத்துக்கு வருவோம். பிரசவத்தை நம் பெண்கள் எழுதிவிட்டார்கள். சிவகாமியின் 'ஆனந்தாயி' (1992) பேறுகாலத்தோடு தொடங்குகிறது. வலி வந்த நேரத்தில் கணவன் அதே வீட்டு மாடியில் வேறொருத்தியோடு இருக்கிறான். பாமாவின் 'சங்கதி'யில் (1994) பிரசவம் பார்க்கிற பாட்டியின் வாய்வழியாகத்தான் அந்த ஊர்ப் பெண்களின் கதையே திறக்கிறது. இந்த இரண்டும் வந்தபோது தமிழ் நாவலில் அதுவரை கேட்காத குரல் கேட்டது. நான் படித்த வரையில், பிறக்காமல் போனதை எழுதுவது இன்னும் குறைவு. தலித் பெண்ணுக்கு வேண்டாத கர்ப்பம் வந்தால் அது பெரும்பாலும் ஆண்டை செய்த கொடுமைக்குச் சாட்சியாகத்தான் கதைக்குள் வருகிறது. சாட்சிப் பொருள் யோசிக்காது. நம் ஊர்ப்பக்கம் வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். வழிப்போக்கர்கள் அதில் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். ஆண் எழுத்தாளர்களும் விமர்சகர்களும் நம் பெண்ணை இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

செங்கல்பட்டுப் பகுதியில் 1981 முதல் வேலை செய்யும் கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைச் சேர்ந்த சுந்தரி ரவீந்திரனும் பாலசுப்பிரமணியனும் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மணமான பெண்களுக்கு இங்கே கலைத்துக்கொள்ள முடிகிறது, ஆனால் புருசனை வேண்டாம் என்று தள்ள முடிவதில்லை என்பது அதன் சாரம். ராத்திரி மறுக்க முடியாததை இரண்டு மாசம் கழித்து ஆஸ்பத்திரியில் போய் மறுக்கிறாள். நம் கதைகளைக் காட்டிலும் அந்த ஆய்வில் கதை அதிகம்.

சில வருசங்களுக்கு முன் சாட்சியங்களின் தொகுப்பு ஒன்றுக்காகத் திண்டிவனம் பக்கம் ஒரு அக்காவிடம் பேசி எழுதிக் கொடுத்தேன். அவர் சொன்னது இது:

"கைக்கொழந்த பால் குடிச்சிக்கினு இருந்தான். அதனால குளிக்காம இருந்தது வித்தியாசமா தெரியல. வயிறு கனக்கவுந்தான் சந்தேகம் வந்துச்சி. தை மாசம் சூளைக்குப் போவணும். முன்பணம் இருவதாயிரம் வாங்கி அவங்க அண்ணன் கடன கட்டிட்டாரு. சோடியா போனாத்தான் சேத்துக்குவாங்க. நான் ஒக்காந்துட்டா அவரு ஒண்டியா எத்தினி கல்லு அறுப்பாரு? வயித்தத் தள்ளிக்கினு சேத்துல குந்தி நான்தான் எத்தினி அறுப்பேன்? யாரையும் கேக்கல, நானேதான் ரோசன பண்ணேன். ஜி.எச்.ல ஆபரேசனும் சேத்துப் பண்ணிக்கினாத்தான் கலைப்போம்னு நர்சம்மா சொல்லிச்சி. ஆபரேசன் பண்ணா வெயிட்டு தூக்கக் கூடாதாம். சூளையில வெயிட்டு தூக்காம வேற என்னா வேல? அதோட ரெண்டாவதுக்கு நெஞ்சுல எப்பவும் சளி. அது தங்குமா தங்காதான்னே தெரியல. ஆபரேசனப் பண்ணிட்டு அப்புறம் அது போயிடிச்சின்னா? கொலுச வச்சி மூவாயிரம் வாங்கிக்கினு டவுன்ல பிரைவேட்டுக்குப் போனேன். அவரும் வந்தாரு, வெளிய பெஞ்சில குந்திக்கினு இருந்தாரு. பத்தாம் நாளு சூளையில எறங்கிட்டேன். மேஸ்திரி சாதியச் சொல்லித் திட்டனான், லேட்டுன்னு."

முன்பணம், ஆயிரம் கல் கணக்கில் கூலி, சோடி, நர்சின் நிபந்தனை, இருக்கிற பிள்ளை பிழைக்குமா என்ற சந்தேகம். இத்தனையையும் தராசில் வைத்து ஒருத்தி தனியாக நிறுத்திருக்கிறாள். பால் கொடுக்கும்போது தூரம் வராததால் தெரியாமல் போவது படித்தவர்களுக்கும் நடக்கிறது. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் வரை போன வழக்கில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், மனநலச் சிகிச்சையிலும் இருந்தார். தெரிந்தபோது வாரம் கடந்துவிட்டது. முதலில் அனுமதித்த நீதிமன்றம் பிறகு நிறுத்தி, இருபத்தாறு வாரம் ஆகிவிட்டது என்று மறுத்தது. வாரத்தை எண்ணத் தெரிந்த சட்டத்துக்குச் சூளைக்குப் போகிற தை மாசத்தை எண்ணத் தெரியாது.

தொகுப்பாசிரியர் குழுவிலிருந்த தோழர் எழுத்தைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நல்லா இருக்கு. ஆனா இதுல சாதி எங்க இருக்கு?"

சூளை முன்பணத்தில் கட்டுண்டு கிடப்பவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், ஜி.எச்.சில் எவளிடம் நிபந்தனை போடுவார்கள், எவளிடம் 'உக்காருங்கம்மா' என்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அவர் தேடியது ஆண்டையை. இந்தக் கதையில் ஆண்டை இல்லை; ஒரு பெண்ணும் அவளுடைய கணக்கும்தான் இருக்கிறது. எர்னோவின் ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஆலைப் பெண்ணின் முகம் தெரியாமல் போனதும் இதுவும் ஒரே பார்வைக் கோளாறு என்றால் தோழருக்குக் கோபம் வரும்.

தொகுப்பு வந்தது. அக்கா சொன்னதில் அச்சேறியிருந்தது மேஸ்திரி திட்டியது மட்டும்தான், அதுவும் நாலு வரிக்கு நீட்டப்பட்டு. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "மேஸ்திரி கெடக்கறான்" என்றார். "அந்தக் கொலுசு இன்னும் அடகுக் கடையிலதான் கெடக்குது. அத எழுதலியா நீ?"